முகம் தெரிய ஒரு படம்

கறுப்பு வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதுதான் தொல்லை, இதை நாய்க் காப்பகப் பொறுப்பாளர் ஹேமாவதியிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. வெள்ளை நாயை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். கறுப்பு நாயைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் கேமரா சுவரைத்தான் பார்க்கும், சுவருக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும், நாய் நின்ற இடத்தில் நாய் வடிவத்தில் ஒரு பொத்தல்தான் விழும். மனிதர்களிடமும் அது இப்படித்தான் நடந்துகொள்கிறது, நாற்பது வருடம் எடுத்தவன் சொல்கிறேன், அது முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்காகச் செய்த கருவி, எங்கள் மாதிரி முகங்களுக்காகச் செய்ததல்ல. இதையும் அவளிடம் சொன்னேன். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், பன்னிரண்டு மணிக்குள் ஒரு படம் வேண்டும் என்று சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் போய்விட்டாள். இப்போது பத்தேகால். மழை நின்று அரை மணி நேரமாகிறது, தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது, பினாயிலும் வெந்த சோறும் ஈர ரோமமும் கலந்த வாசனை, முப்பத்தாறு கூண்டிலும் குரைப்பு ஓய்ந்து ஒரு மாதிரி முனகலாக ஆகியிருக்கிறது. பன்னிரண்டு மணி என்பது பொள்ளாச்சியிலிருந்து தண்டபாணி என்பவர் வைத்த கெடு. நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாராம், வீட்டுக்கு ஒரு நாய் வேண்டுமாம், மூன்று நாய்களின் படம் கேட்டாராம். அவருடைய வண்டி மத்தியானம் கோவைக்கு நாற்று இறக்க வருகிறது, திரும்பும்போது இருகூர் ரோட்டில் இந்தக் காப்பகத்தின் வாசலில் நின்று, பிடித்ததை ஏற்றிக்கொண்டு போய்விடும். இரண்டு குட்டிகளின் படத்தை ஹேமாவதி நேற்றே தன் போனில் எடுத்து அனுப்பிவிட்டாள். குட்டிகளுக்கு என்ன, இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம். மூன்றாவது இது, முப்பத்தொன்றாம் கூண்டு, இதற்கு அடுத்த வாரம் கிடையாது. தெருவில் பிடித்த நாயைக் காயம் ஆறியதும் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பது விதி. காயம் ஆறி நான்கு மாதமாகிறது, ஹேமாவதி இன்னும் சிகிச்சையில் இருக்கிறது என்று எழுதி எழுதி ஓட்டினாள், சனிக்கிழமை பன்னிரண்டு புது நாய்கள் வருகின்றன, கூண்டு வேண்டும், இனி ஓட்ட முடியாது. பிடித்த தெரு என்பது மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்து. அங்கே ஒரு வறுவல் கடைக்காரன் கொதிக்கிற எண்ணெயைக் கரண்டியில் அள்ளி இதன் முகத்தில் வீசினான். போன வாரம் கூண்டு கழுவுகிற வேலாத்தா மெனக்கெட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அதே ஆள், அதே சட்டி. சனிக்கிழமை இதைக் கொண்டுபோய் அந்தச் சட்டிக்கு முன்னால் இறக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்குப் பொள்ளாச்சி வண்டியில் ஏற்ற வேண்டும். நடுவில் இருப்பது ஒரு படம், அதை எடுக்க வேண்டியவன் நான்.

நான் என்றால் நஞ்சப்பன். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பஞ்சு மில் கேட்டில் காவல்காரன் எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது, மரியாதையால் அல்ல, பயத்தால், இரண்டுக்கும் எனக்கு அப்போது வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் பத்துக்காசுப் பிரசுரங்களில். உபரி மதிப்பைப் பன்னிரண்டு பக்கத்தில் படித்தேன், பிரெஞ்சுப் புரட்சியைப் பதினாறு பக்கத்தில், பின் அட்டையோடு கடைசித் தாள் கிழிந்து போயிருந்ததால் அது ஜெயித்ததா தோற்றதா என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது, தெரியாமலே அதைப் பற்றி முப்பது கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கல்லூரி முடித்துவிட்டு வந்து சங்கத்தில் எங்களுக்குத் தலைமை தாங்கினவர்கள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள், மகன்களை எங்கெங்கோ அனுப்பிவிட்டார்கள், நான் மட்டும் இங்கே செவ்வாய்க்கிழமை தோறும் நாய்களுக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை, வருத்தம் இல்லை என்று இப்படி அடிக்கடி சொல்லிக்கொள்வதில்தான் கொஞ்சம் வருத்தம். இங்கே வந்ததும் நாய்க்காக அல்ல. எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீதியில் நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினேன், குரைப்புச் சத்தத்தால் மக்கள் படும் அவதி என்று மனு எழுதினேன், அதோடு இணைக்க ஆதாரப் படம் வேண்டுமே என்று கேமராவோடு வந்தேன். கம்பி, ஈரத்தரை, எலும்பு தெரிகிற விலா, மூலையில் சுருண்ட முதுகு, இப்படி இருபது படம். ஹேமாவதி அதையெல்லாம் வாங்கிப் பார்த்தாள், கோபப்படுவாள் என்று நினைத்தேன், படம் நல்லா இருக்குதுங்ணா, நான் எடுத்துக்கட்டுங்களா என்று கேட்டாள். காப்பகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். ஒரே வாரத்தில் எங்கிருந்தெல்லாமோ அரிசி மூட்டை வந்தது. நாற்பத்திரண்டு கையெழுத்து இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அரிசி வந்ததே தவிர ஒரு நாய் வெளியே போகவில்லை. எட்டு மாதத்தில் நான் எடுத்த படத்தைப் பார்த்து யாரும் ஒரு நாயைக் கேட்டு வந்ததில்லை, இரக்கப்பட்டார்கள், அனுப்பினார்கள், மறந்தார்கள். அவள் போனில் தட்டி எடுக்கிற ஆடிப்போன படத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். இதை வேலாத்தா என் முகத்துக்கு நேராகவே சொல்வாள். ஐம்பத்தைந்து வயது, எந்த ஆண் நாயைப் பார்த்தாலும் மாப்ளே என்றுதான் கூப்பிடுவாள். "ஏனுங்க போட்டோக்காரரே, மாப்ள போட்டோவுல முதுகக் காட்டுனா எவனுங்க பொண்ணு குடுப்பான்?" என்று போன மாதம் கேட்டாள். நான் அதற்கு, முகத்தைக் காட்டுவது வியாபாரம், நிலைமையைக் காட்டுவதுதான் படம் என்று பதில் சொன்னேன். நல்ல பதில்தான். அச்சடித்தால் எடுப்பாக இருக்கும்.

கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். அதற்கும் எனக்கும் ஆறடி. கதவுக் கம்பியில் வேலாத்தா ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கப் போட்டிருக்கிறாள், வெளிச்சம் அதில் பட்டு உள்ளே திரும்பி வரும், கறுப்புக்குக் கொஞ்சம் உருவம் கிடைக்கும். அவளையே பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம், ஆனால் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கையைத் தூக்கினால் இது திரும்பிக்கொள்ளும். அதுதான் இரண்டாவது தொல்லை, இதுதான் பெரியது. காலையிலிருந்து பதினேழு படம் எடுத்துவிட்டேன், பதினேழிலும் முதுகு. கேமராவை நான் கண்ணுக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, மூக்கு சுவரில் படுகிற மாதிரி நின்றுவிடுகிறது. ஓடுவதில்லை. முனகுவதில்லை. வாலை இடுக்குவதுகூட இல்லை. நடப்பது நடந்து முடியட்டும் என்று காத்து நிற்கிற மாதிரி ஒரு நிற்பு. லாக்கப்பில் இப்படி நின்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அடி வாங்கிப் பழகினவர்கள் இப்படித்தான் நிற்பார்கள், புதியவர்கள்தான் கத்துவார்கள். நான் புதியவன் மாதிரிக் கத்தினேன், அதைப் பிற்பாடு வீரம் என்று எழுதினார்கள். கேமராவைக் கீழே இறக்கினால் மெல்லத் திரும்பி உட்காருகிறது. பார்க்கிறது. அந்தப் பார்வை நன்றாக இருக்கிறது, அதை எடுக்கலாம் என்று தூக்கினால் போய்விடுகிறது. ஹேமாவதி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், தலைக்கு மேலே காட்டினால் மேலே பார்க்கும், கண் பெரிதாகத் தெரியும், காது தூக்கும், வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கையேந்துகிற முகத்தை எடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியம், யாருக்கு முன்னால் இந்த வைராக்கியம், நாய்க்கு முன்னாலா. நல்ல வேளை, அந்தப் பிஸ்கட்டைத் தூக்கினாலும் இது சுவரைத்தான் பார்க்கிறது, என் கொள்கை பிழைத்தது, நாய் பிழைக்குமா என்பதுதான் கேள்வி. பத்து ஐம்பது. கூரைச் சொட்டு ஒன்று சரியாக என் பிடரியில் விழுகிறது. நகரலாம். நகர்ந்தால் அது எழுந்துவிடும். நனைந்தால் நனையட்டும். பதினேழு முதுகு. எட்டு மாதமாக எடுத்ததையும் சேர்த்தால் எத்தனை முதுகு. இது திரும்பிக்கொள்கிறது, சரி, மற்றதெல்லாம் திரும்பிக்கொள்ளவில்லையே, மற்ற நாய்களெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு கேமராவை நக்க வருமே, அவற்றை நான்தானே சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து எடுத்தேன்.

எண்பத்தொன்றில் வேலை நிறுத்தம், ஐம்பத்தேழாவது நாள். அன்றைக்குக் காலையும் மழை பெய்து விட்டிருந்தது. கேட்டுக்கு முன்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தவர்கள், நான்தான் அவர்களை வரிசையாக உட்கார வைத்தேன், உயரத்தைப் பார்த்து நகர்த்தி வைத்தேன், தலையைத் தூக்குங்கள் என்றேன், துண்டை எடுங்கள், முகம் தெரியட்டும் என்றேன். ஆறுக்குட்டி நடுவில். நூல் நூற்கிற ரிங் பிரேமில் என் பக்கத்து மிஷின், எனக்கு ஒரு வருடம் மூத்தவன், பல் தெரியச் சிரிக்கிற ஆள், சிரிக்காதே, போராட்டம் என்றேன், அப்படியும் கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நான் எடுத்த படத்திலேயே அதுதான் நல்ல படம். பதினோரு முகமும் பளிச்சென்று, ஒரு மயிரிழை தப்பாமல். அச்சுக்குப் பிளாக் செய்து எங்கள் சங்கச் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் பாதி அளவுக்குப் போட்டோம், கீழே பெயர் போட வேண்டும் என்றது நான்தான், அச்சுக்கோக்கிறவர் இடம் இல்லை என்றார், தலையங்கத்தில் நான்கு வரியை வெட்டிவிட்டு இடம் பண்ணிக் கொடுத்தேன். இடமிருந்து வலமாகப் பதினோரு பெயர், இன்ஷியலோடு, எந்தப் பிரிவு என்பதோடு. பெருமை. வேறு ஒன்றுமில்லை, பெருமைதான். பத்து நாளில் நிர்வாகம் வேலை நீக்க உத்தரவைப் பதிவுத் தபாலில் அனுப்பியது, பதினோரு பேருக்கும், பின்னால் கோர்ட்டில் அந்தப் பட்டியலைத் தாக்கல் செய்தபோது பார்த்தேன், இடமிருந்து வலம், நாங்கள் போட்ட அதே வரிசை. கேட்டில் நாங்கள் அத்தனை பேரும்தான் இருந்தோம், ஐந்நூறு பேர் இருந்தோம், அவர்களுக்கு யார் யார் என்று தெரியாமல் இருந்தது, தெரிவித்தேன். படம் எடுத்தவன் படத்தில் இருப்பதில்லை, அதனால் நான் மறுபடி வேலைக்குப் போனேன். மில் மூடுகிறவரைக்கும் இருந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, தோழர்கள் சொல்ல மாட்டார்கள், எதிரியின் சூழ்ச்சி என்று தீர்மானம் போட்டோம், அந்தத் தீர்மானத்தை எழுதினவனும் நான்தான். ஆறுக்குட்டி திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வெட்டுத்துணி பொறுக்குகிற வேலைக்குச் சேர்ந்தான், ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்து காங்கேயம் வரைக்கும் வந்தான், குழந்தைகளைப் பற்றிப் பேசினான், இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஏன் நஞ்சப்பா, பேரெல்லாம் எதுக்குப் போட்டே?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. ஒரு விவரம் தெரிந்துகொள்கிற மாதிரி. மறைந்து நிற்க நாம் திருடர்களா என்று கேட்டேன். அவன் யோசித்தான், உண்மையிலேயே யோசித்தான், அந்தப் படத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு நான் முகம் எடுக்கவில்லை. முஷ்டி எடுத்தேன், பாதம் எடுத்தேன், கொடிக்கம்பு, நிழல், நடந்து போகிற முதுகுகள். சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் என்னுடைய பாணியைப் பற்றிப் பெரிதாகச் சொன்னார், கூட்டத்தின் முகமின்மை என்றார், கலை என்றார், நானும் ஆமாம் என்றேன். ஒருவரும் மாட்டிக்கொள்ளாத படம், அவ்வளவுதான். அதற்குக் கலை என்று பெயர் கிடைத்ததும் எனக்கே பழகிப் போயிற்று.

அது திரும்பி உட்கார்ந்திருக்கிறது. நான் கேமராவை மடியில் வைத்திருப்பதால் உட்கார்ந்திருக்கிறது. எண்பத்தொன்றில் என்னிடம் இருந்தது சங்கத்துக் கேமரா, செகண்ட் ஹாண்டில் வாங்கின பெட்டி, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும், நாய் இந்தப் பக்கம் போனால் அதில் அந்தப் பக்கம் போகும். கையைத் தூக்கவே வேண்டியதில்லை. கண்ணுக்குத் தூக்குகிற கேமரா வந்த பிறகுதான் துப்பாக்கி பிடிக்கிற மாதிரிப் பிடிக்கப் பழகினோம். கரண்டியும் இந்த உயரத்துக்குத்தான் வந்திருக்கும், தோளுக்கு மேலே, முகத்துக்கு நேரே. நாற்பது வருடம் நிர்வாகத்தின் மனதை ஆராய்ந்தவனுக்கு இது புரியப் பதினேழு படம் ஆகியிருக்கிறது. ஹேமாவதி காப்பகத்துக்கென்று வாங்கிக் கொடுத்த இந்தக் கேமராவில் பின்பக்கத் திரையை வெளியே இழுத்து மேல்பக்கமாக மடக்கலாம், இதுவரை அதை நான் தொட்டதில்லை, நோகாமல் எடுக்கிறவர்களுக்கான வசதி என்று நினைத்திருந்தேன். இழுத்து மடக்குகிறேன். கேமரா மடியிலேயே இருக்கிறது. திரையைக் குனிந்து பார்க்கிறேன், நாயைப் பார்க்கவில்லை, என் மடியைப் பார்க்கிறேன், ஏதோ அரிசியில் கல் பொறுக்குகிறவன் மாதிரி. திரையில் தரை. ஈரம். போர்வையிலிருந்து வருகிற பால் மாதிரி வெளிச்சம். பிறகு ஒரு முன்னங்கால். இன்னொன்று. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அது கிட்டே வருகிறது. மூக்கின் சத்தம் கேட்கிறது, முழங்காலில் சூடாக மூச்சு படுகிறது, நான் மூச்சு விடவில்லை, பிடரியில் சொட்டு விழுகிறது, நகரவில்லை. திரைக்குள் முகம் வந்தது. முகம் என்றால் முழு முகம். இடது பக்கம் வழவழவென்று கறுப்பு, வலது பக்கம் காதிலிருந்து தாடைவரை ரோமம் இல்லாமல் இளஞ்சிவப்பாகச் சுருங்கின தோல், நடுவில் இரண்டு கண்ணும் பழுதில்லாமல், கறுப்பு என்று நினைத்திருந்தேன், பழுப்பு, கருப்பட்டிக் காப்பி மாதிரிப் பழுப்பு. என்ன செய்து கொண்டிருக்கிறாய் என்று கேட்கிற பார்வை. கெஞ்சல் இல்லை. நான் பயந்த அந்தக் கையேந்தல் எங்கேயும் இல்லை, ஆர்வம்தான் இருந்தது, தெருவில் புதுக் கடை திறந்தால் நின்று பார்க்கிறவன் முகத்தில் இருக்குமே அது. அழுத்தினேன். ஒரே ஒரு படம். சத்தம் கேட்டதும் இரண்டடி பின்னால் போனது, ஆனால் சுவரைப் பார்க்கவில்லை.

மருந்து அறையில் ஹேமாவதி படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ரொம்ப நேரம் பார்த்தாள், வேலாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சிய புடிச்சிட்டாரே என்றாள், அதில் கிண்டல் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. பிறகு ஹேமாவதி, வலது பக்கத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள். இடது கண்ணும் மூக்கும் மட்டும் இருந்தால் போதும், முதலில் அவர் மனதில் இடம் பிடிக்கட்டும், தழும்பை அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவள் சொல்வதில் தப்பில்லை. பழைய நஞ்சப்பனாக இருந்தால் தழும்பை மட்டும் பெரிதாக்கிக் கீழே கொட்டை எழுத்தில் யார் குற்றவாளி என்று கேட்டிருப்பான், அரிசி மூட்டை வந்திருக்கும், நாய் சனிக்கிழமை சந்துக்குப் போயிருக்கும். இவள் நல்ல பாதியைக் காட்டப் பார்க்கிறாள், நான் கெட்ட பாதியையே காட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு பேருமே பாதி. "வெட்டாத அம்மிணி, பாதி மூஞ்சியப் பாத்துக் கூட்டிட்டுப் போறவன் மீதி மூஞ்சியப் பாத்துத் திருப்பிக் கொண்டாந்து விடுவான்" என்றேன். சுட்டியில் வைத்த விரலை எடுத்தாள். இவ்வளவு பேசுகிறாயே, அந்த ஆள் இந்தத் தோலைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால், என்று உள்ளே ஒன்று கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. பெயர் போட வேண்டும் என்றாள். மற்ற இரண்டுக்கும் பெயர் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள், நம்பரைப் பார்த்து யார் நாய் கேட்பார்கள். வேலாத்தா, கரியப்பன்னு போடுங்க, ஆளும் அப்படித்தான் இருக்கறான் என்றாள். ஹேமாவதி படத்துக்குக் கீழே தட்டினாள். கரியப்பன், வயது மூன்று இருக்கலாம். தெளிவான ஒரு முகம், அதற்கு அடியில் ஒரு பெயர், எண்பத்தொன்றில் நான் செய்ததும் இதேதான், நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன், போயிருச்சுங்ணா என்றாள். பதினொன்று இருபது. சிறிது நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயிற்று. பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வேலாத்தா டீ கொண்டுவந்தாள், மூன்று பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு குடித்தோம், தோல் தோலாக ஆடை மிதந்தது, எடுத்துப் போட்டேன். பொள்ளாச்சியில் அவர் இப்போது போனைத் தன் வீட்டில் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருப்பார், ஒரு பெண்பிள்ளை முகத்தைச் சுளிக்கும், இல்லை, வண்டிக்காரருக்குக் குட்டியை ஏற்றச் சொல்லி ஏற்கெனவே சொல்லியிருப்பார், இல்லை, நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார், மறந்தே போயிருப்பார். தீர்ப்புக்குக் காத்திருந்திருக்கிறேன், தொழிலாளர் டிரிபியூனல் வராந்தாவில் எத்தனையோ நாள், அங்கேயெல்லாம் என்னிடம் கோஷம் இருந்தது, கோஷம் போட்டால் நேரம் போகும். இங்கே அது இல்லை. முப்பத்தொன்றாம் கூண்டில் போர்வையை யாரோ இழுக்கிற சத்தம் கேட்டது, வேலாத்தா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, இழுத்துப் போட்டு அதும்மேலயே படுத்துக்கிட்டான் என்றாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. ஹேமாவதி பேசினாள், ஆமாங்க, ஆமாங்க என்றாள், எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி பேசினாள், மூஞ்சியில் என்ன என்று கேட்கிறார் போல, அவள் கொஞ்சம் தடுமாறிவிட்டு, படம் எடுத்தவரே இருக்கறாருங்க, அவரு சொல்லுவாருங்க என்று போனை என் கையில் திணித்தாள். எண்ணெயை ஊத்திட்டாங்க என்றேன். அதற்கு மேல் எவ்வளவோ பேச வந்தது, சந்து, சட்டி, விதி, அந்த விதியை எழுதினவர்கள், அரை மணி நேரம் பேசக்கூடியவன்தான் நான். அந்தப் பக்கம் மோட்டார் ஓடுவது கேட்டது. அப்புறம் அவர், இப்ப வலி இருக்குதுங்களா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். செரீங்க, அவனையே ஏத்தி விடுங்க என்றார். ஹேமாவதி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு வேலாத்தாவின் தோளைப் பிடித்தாள். அந்த இடத்தில் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கை கொடுக்க மறுத்தது. சில நிபந்தனைகள் இருக்குதுங்க என்று நான் சொல்வது எனக்கே கேட்டது. சொல்லுங்க என்றார். கட்டிப் போடக் கூடாதுங்க. கட்டறதில்லீங்க, சுத்தியும் வேலி இருக்குது. மிச்சம் மீதி மட்டும் போடக் கூடாதுங்க, அதுக்குன்னு தனியா ஆக்கோணும். ஆக்கிரலாங்க. மழைக்கு ஒதுங்க வீட்டுக்குள்ளயே இடம் வேணுங்க. உள்ளதானுங்க படுக்கும். எண்ணெய்ச் சட்டி வைக்கிற நேரத்துல பக்கத்துல நிக்க விடக் கூடாதுங்க. வீட்ல சொல்லிடறேனுங்க. அதும் முன்னால யாரும் கையத் தூக்கக் கூடாதுங்க, தோளுக்கு மேல தூக்கினா செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கும், வேணும்னு பண்றதில்லீங்க. புரியுதுங்க என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் அடுத்த வாதத்தைக் கையில் வைத்திருந்தேன், பரிசீலிக்கிறோம் என்பார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், இப்போதைக்கு முடியாது என்பார், அதற்கும் தெரியும், முப்பது வருடம் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன், ஒரு கோரிக்கையை நான்காகக் குறைத்து நான்கில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெற்றி என்று துண்டறிக்கை போடத் தெரிந்தவன். இப்படி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக்கொண்டே வருகிற ஆளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒத்து வரலீன்னா எங்களுக்குத்தான் திருப்பித் தரோணும், எங்கயும் இறக்கி விடக் கூடாதுங்க என்றேன். அவர் சிரித்தார், கேலியாக அல்ல. "திருப்பி உடறதுக்குங்களா கூட்டிட்டு வரச் சொல்றோம்?" என்றார். ஹேமாவதி போனுக்குக் கை நீட்டினாள், நான் கொஞ்சம் திரும்பிக்கொண்டேன். வேற ஏதாச்சும் இருக்குதுங்களா என்று கேட்டார் அவர். அவசரம் இல்லாத குரல். யோசித்தேன். இன்னும் ஏதாவது இருக்க வேண்டும், இவ்வளவு சீக்கிரம் தீர்ந்து போகாது, எங்கேயோ ஒன்றை விட்டிருக்கிறேன். வீடு கீழயாங்க, மாடியாங்க என்று கேட்டேன். பண்ணையிலேயே கீழே உரக்கடை, மேலே வீடு என்றார். அது தெருவில் பிறந்தது, ஆறு மாதமாகக் கூண்டில் இருக்கிறது, அதன் ஆயுசில் ஒரு படிக்கட்டைப் பார்த்திருக்காது.

"அதுக்குப் படி ஏறத் தெரியாதுங்க" என்றேன்.

"பழகற வரைக்கும் தூக்கிக்கறேனுங்க."

"பதினெட்டுக் கிலோ இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க" என்றார்.